பிரிண்டரைக் குப்பையில் போடுமுன்: பிரிண்ட் சேர்வரில் கொழுவிய பழைய டொட் மேட்ரிக்ஸ்

மூன்று பிரதிப் பற்றுச்சீட்டு ஒரே தடவையில் எடுக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் ஊசியால் அடிக்கிற பிரிண்டர்தான் வேண்டும். லேசரும் இங்க்ஜெட்டும் தாளைக் குத்தி அடிப்பதில்லை, ஆகவே கீழே இருக்கிற கொப்பிகளில் எழுத்து விழாது. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைக்கடையோ, ஹார்ட்வெயார் கடையோ, மொத்த வியாபாரக் களஞ்சியமோ, கார்பன் பதித்த தொடர்தாளில் பில் போடுகிற எந்த இடத்துக்கும் எப்சன் எல்எக்ஸ்-300+, எல்எக்ஸ்-310, எல்கியூ-300+, எல்கியூ-2190 மாதிரியான பிரிண்டர் பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்ட கணினி இருக்கிற இடத்தில் அதன் பின்னால் ஒரு சின்னப் பெட்டியும் தொங்கும்: ஹெச்பி ஜெட்டைரக்ட், டி-லிங்க் டிபி-301பி+, டிபி-லிங்க் டிஎல்-பிஎஸ்110பி போல, எல்லாக் கணினியும் நெட்வேர்க் வழியாக ஒரே பிரிண்டரில் அடிக்க வைக்கிற ஒரு பிரிண்ட் சேர்வர்.

பில் வராமல் நின்றால் பழி முதலில் பிரிண்டர் மேல்தான் விழும். "பழசு, போய்விட்டது" என்று ஒதுக்கப்படுகிற பிரிண்டர்களில் பலவற்றுக்கு ஒரு குறையும் இருக்காது. பிழை பெட்டியில், கேபிளில், விண்டோஸ் போர்ட்டில் அல்லது தாளின் அளவில் இருக்கும். எங்கே என்று ஊகிக்கத் தேவையில்லை, பிரிண்டரே சொல்லும். பிரிண்டர் பக்கமிருந்து தொடங்கிக் கணினியை நோக்கி ஒவ்வொரு கண்ணியாகப் போக வேண்டும். டிரைவரை அழித்து மறுபடி போடுவதில் தொடங்கினால் ஒரு முழு நாள் வீணாகும்.

தனியே அடிக்கிறதா?

பிரிண்ட் சேர்வரைக் கழற்றி வையுங்கள். கழற்றுமுன் பிரிண்டரையும் பெட்டியையும் அணைக்க வேண்டும். பரலல் இணைப்பு, அதாவது பிரிண்டரிலுள்ள 36 பின் பழைய இணைப்பு, கரண்ட் இருக்கும்போது பிடுங்கவோ பூட்டவோ செய்யப்பட்டதல்ல, போர்ட் சிப் எரிவதற்கு அது ஒன்றே போதும். பிறகு தாளை ஏற்றி, எல்எஃப்/எஃப்எஃப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பிரிண்டரை ஓன் பண்ணுங்கள். எப்சன் எல்எக்ஸ், எல்கியூ வகைகளில் இது டிராஃப்ட் எழுத்தில் சுயபரிசோதனை. லோட்/இஜெக்ட் பட்டனைப் பிடித்தபடி ஓன் பண்ணினால் அதையே தடித்த தரமான எழுத்தில் அடிக்கும். பிரிண்டரின் முழு அகலத்துக்கும் தாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி நேரே உருளையில் குத்தும்.

அடித்த தாளில் எல்லா எழுத்திலும் ஒரே உயரத்தில் வெள்ளைக்கோடு போனால் ஒரு ஊசி அடிக்கவில்லை. ஹெட் (ஊசிகள் இருக்கிற அச்சுத்தலை) இடப்பக்கம் நிற்கும்போது சரியாக அடித்து வலப்பக்கம் போனதும் கோடு விழுந்தால், ஊசியைச் சந்தேகிக்குமுன் ஹெட்டுக்குப் போகிற தட்டை நாடாக் கேபிளைப் பாருங்கள். ஓயாமல் மடிந்து மடிந்து அதற்குள் ஒரு தடம் வெடித்திருக்கும். தாளின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் ரிபன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நெட்டுக்கோடுகள் ஒரு வரி விட்டு ஒரு வரி விலகி நின்றால் அது ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிக்கிற இருதிசை அச்சின் ஒழுங்குப் பிசகு. பிரிண்டரின் அமைப்புமுறையிலேயே திருத்தலாம். இவை எதற்கும் நெட்வேர்க்கோடு சம்பந்தமில்லை.

ஹெட் மாற்றுவதென்றால் ஒரு எச்சரிக்கை. பழைய ஹெட்டின் சுருள்களை மல்ட்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே ஓமில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அது ஷோட் ஆகிவிட்டது, அதை ஓட்டுகிற டிரான்சிஸ்டரையும் கூடவே கொண்டுபோயிருக்கக்கூடும். போர்டைப் பார்க்காமல் புது ஹெட்டைப் பூட்டினால் அதுவும் எரியும்.

ஹெக்ஸ் டம்ப்: பயன்படுத்தப்படாத பெரிய கருவி

சுயபரிசோதனை சரி என்றால் பிரிண்டரின் இயந்திரம் நலம். அடுத்த கேள்வி, வெளியிலிருந்து அதற்கு என்ன வந்து சேர்கிறது என்பது. இதற்கு ஒரு சதம் செலவில்லாத வழி பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. எல்எஃப்/எஃப்எஃப், லோட்/இஜெக்ட் இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தபடி ஓன் பண்ணுங்கள். இனி வருகிற எதையும் பிரிண்டர் கட்டளையாக எடுக்காது. ஒவ்வொரு பைட்டையும் பதினாறின் அடி எண்ணாக (ஹெக்ஸ்: 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்) இடப்பக்கமும், அதற்குரிய எழுத்தை வலப்பக்கமும் அடித்துத் தரும். பழைய மொடல்களில் கடைசி வரி நிரம்பாவிட்டால் உள்ளேயே நிற்கும், பாஸ் பட்டனை அழுத்தினால் வெளியே வரும்.

பிரிண்ட் சேர்வரைத் திரும்பப் பூட்டி, இந்த நிலையில் கணினியிலிருந்து ஒரு சின்னப் பில்லை அனுப்புங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தொடக்கத்தில் 1பி 40 இருந்தால் நல்லது. அது "எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டு வா" என்ற எப்சன் கட்டளை. ஒவ்வொரு வரி முடிவிலும் 0டி 0ஏ என்று இரண்டும் சேர்ந்து வர வேண்டும். முதலாவது ஹெட்டை இடப்பக்கம் கொண்டு வரும், இரண்டாவது தாளை ஒரு வரி தள்ளும். பக்க முடிவில் 0சி.

வெறும் 0ஏ மட்டும் வந்தால் சாதாரண அச்சில் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும். லினக்ஸ், யுனிக்ஸ் சேர்வரில் ஓடுகிற பழைய கணக்கு மென்பொருள்களோடு இது நிறைய வரும். ஜெட்டைரக்ட் பெட்டியென்றால் எல்பிடி (நெட்வேர்க் வழியாக அச்சு வேலை எடுக்கிற ஒரு முறை) வரிசையின் பெயரை, வருகிறதை அப்படியே கொடுக்கிற ரோ என்பதிலிருந்து டெக்ஸ்ட் என்று மாற்றினால் பெட்டியே 0டியைச் சேர்த்துக் கொடுக்கும். அதே வரிசையில் படமும் அனுப்புகிறீர்களென்றால் மாற்றாதீர்கள். படத்துக்குள் தற்செயலாக வருகிற 0ஏயையும் அது வரி முடிவென்று எடுத்துப் படத்தைக் கெடுக்கும்.

0டி 0ஏ சரியாகத்தான் வருகிறது, ஆனால் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இடையில் வெற்று வரி விழுகிறது என்றால், பிரிண்டரின் ஓட்டோ லைன் ஃபீட் ஓனில் நிற்கிறது. அது ஓஃப்பாக இருந்தும் இப்படி வந்தால் கேபிளின் 14ஆம் பின்னைப் பாருங்கள். அந்தக் கம்பி தாழ்ந்த மின்னழுத்தத்தில் நின்றால் பிரிண்டர் தானாக ஒரு வரி கூட்டிக்கொள்ளும். கேபிளுக்குள் அது நிலக் கம்பியோடு தொட்டிருந்தாலும் இதே விளைவுதான்.

1பி 25 2டி 31 32 33 34 35 58 என்று தொடங்கினால் டிரைவர் பிழை. லேசர் பிரிண்டருக்கான பிசிஎல் டிரைவரை யாரோ போட்டிருக்கிறார்கள். சாதாரண அச்சில் தொடக்கத்தில் 12345 என்று விழுந்து, பிறகு பிஜெஎல் என்ற லேசர் கட்டளை வரிகளும் குப்பை எழுத்துகளுமாகத் தாள் தாளாக ஓடும். பிரிண்டரை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் இது தீராது.

இனிக் கேபிள். ஏ என்ற ஆங்கிலப் பேரெழுத்தை ஒரு வரி முழுக்க அனுப்புங்கள். 41 என்று வர வேண்டும். ஒவ்வொரு முறையும் 43 என்று வந்து, பி எழுத்து மட்டும் 42 என்றே சரியாக வந்தால், இரண்டாவது தரவுக் கம்பி எப்போதும் உயர்ந்தே நிற்கிறது. அது 3ஆம் பின். 41க்குப் பதில் 40 வந்தால் முதல் தரவுக் கம்பி தாழ்ந்தே நிற்கிறது, 2ஆம் பின். இப்படி ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வந்தால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பின் வளைந்தோ பாசி பிடித்தோ இருக்கிறது. கடல் காற்று அடிக்கிற இடங்களில் 36 பின் இணைப்பின் தகடுகளில் பச்சை பூத்திருப்பதை டோர்ச் பிடித்தால் பார்க்கலாம். கொன்டாக்ட் கிளீனரும் பழைய பல் பிரஷும் போதும். எந்த ஒழுங்கும் இல்லாமல் பைட் தவறினாலோ கூடினாலோ கேபிள் நீளம் அல்லது தரம் காரணம். சாதாரண பரலல் கேபிளை 2 மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தேவையென்றால் ஐஇஇஇ 1284 என்று அச்சிட்ட கேபிள்தான்.

ஒன்றுமே வரவில்லை என்றால் பிரிண்டரை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் போக வேண்டிய நேரம்.

பெட்டியின் முகவரி

இங்கே அடிக்கடி நடப்பது இதுதான்: இன்டர்நெட் இணைப்பு மாறும், ரவுட்டர் மாறும், பிரிண்ட் சேர்வர் பழைய முகவரியிலேயே நிற்கும். பழைய ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையைக் கொடுத்திருக்கும். புதிதாக வைத்த 4ஜி ரவுட்டர் ஹுவாவே என்றால் அது வழமையாக 192.168.8 வரிசை. கணினிகள் டிஹெச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி பங்கிடுகிற முறை) மூலம் தானாக மாறிவிடும். கையால் முகவரி கொடுத்த பெட்டி மாறாது. அன்றிலிருந்து பில் வராது, எல்லாரும் பிரிண்டரைத் திட்டுவார்கள்.

ஜெட்டைரக்ட் பெட்டியில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் தன் முகவரியைத் தாளில் அடித்துத் தரும். பெட்டியும் பிரிண்டரும் பேசிக்கொள்கின்றன என்பதற்கும் அதுவே சாட்சி. முகவரி 192.0.0.192 என்றிருந்தால் யாரும் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, அல்லது பெட்டி எழும்பும்போது கொடுக்க ரவுட்டர் தயாராக இருக்கவில்லை. டி-லிங்க் டிபி-301பி+ஐ ரீசெட் செய்தால் 192.168.0.10க்குப் போகும். எந்தப் பெட்டியானாலும் வழி ஒன்றே: ஒரு மடிக்கணினிக்குத் தற்காலிகமாக அதே வரிசையில் கையால் முகவரி கொடுத்து, பெட்டியை நேரே கேபிளால் கொழுவி, உள்ளே போய்ப் புதிய வரிசைக்கு மாற்றுங்கள். பழைய பெட்டிகளின் இணையப் பக்கம் இன்றைய பிரௌசரில் திறக்காமல் போகலாம். ஜெட்டைரக்டில் டெல்நெட் (நெட்வேர்க் வழியாக எழுத்தில் கட்டளை தட்டுகிற முறை) மூலம் எல்லாம் செய்ய முடியும்.

முகவரியை நிலையாகவே கொடுங்கள், ரவுட்டர் பங்கிடுகிற வரம்புக்கு வெளியே. கரண்ட் போய் வரும்போது பெட்டி சில வினாடிகளில் எழும்பிவிடும், ரவுட்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். டிஹெச்சிபியை நம்பியிருக்கிற பெட்டி காத்திருந்து பார்த்துவிட்டு வேறொரு முகவரியில் உட்கார்ந்துவிடும். "கரண்ட் வந்தபிறகு பில் வராது, அரை மணித்தியாலம் கழித்து அணைத்து எழுப்பினால் வரும்" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சுவிச்சில் லைட் எரியவில்லை என்றால் வேகத்தைப் பாருங்கள். ஜெட்டைரக்ட் 170எக்ஸ் 10 மெகாபிட் மட்டும் தெரிந்த பெட்டி. புதிய 2.5 கிகாபிட் சுவிச்சுகள் சில 10 மெகாபிட்டை ஏற்பதில்லை. இடையில் ஒரு பழைய 10/100 சுவிச்சை வைத்தால் தீரும்.

பிங் (அந்த முகவரி பதில் சொல்கிறதா என்ற சோதனை) வந்தால் அடுத்தது டெல்நெட். விண்டோஸின் கூடுதல் வசதிகளில் டெல்நெட் கிளையன்டை ஓன் பண்ணி, பெட்டியின் முகவரியில் அச்சு வேலை எடுக்கிற 9100 போர்ட்டுக்குத் தொடர்புகொண்டு, ஏதாவது நாலு சொல் தட்டி என்டர் அழுத்தி மூடுங்கள். தாளில் விழுந்தால் பிரிண்டர், கேபிள், பெட்டி, நெட்வேர்க் நான்கும் சரி. மிச்சப் பிழை விண்டோஸில் மட்டும்.

விண்டோஸ் பக்கம்

போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி வகையாக இருக்க வேண்டும். நெறிமுறை ரோ, எண் 9100. மூன்று பிரிண்டர் கொழுவுகிற ஜெட்டைரக்ட் 500எக்ஸில் 9100, 9101, 9102 என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு எண். ரோ ஓடாத பெட்டிக்கு எல்பிஆர் (எல்பிடி வரிசைக்கு அனுப்புகிற முறை), டிபி-லிங்க் பெட்டியில் வரிசையின் பெயர் எல்பி1. எல்பிஆரில் வேலை பாதியில் தொங்கினால் பைட் எண்ணிக்கை என்ற பெட்டியில் சரிக்குறி போட்டுப் பாருங்கள்.

அதே பக்கத்தின் அடியில் எஸ்என்எம்பி நிலை (பிரிண்டர் எப்படி இருக்கிறதென்று விண்டோஸ் கேட்கிற முறை) என்ற சரிக்குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பல பழைய பெட்டிகள் விண்டோஸ் கேட்கிற நிலைக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாது. உடனே விண்டோஸ் பிரிண்டரை ஓஃப்லைன் என்று சாம்பல் நிறமாக்கிவிடும். பிங் வருகிறது, டெல்நெட்டில் அச்சு விழுகிறது, ஆனால் விண்டோஸ் ஓஃப்லைன் என்கிறது என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது. இருதிசைத் தொடர்பு என்ற சரிக்குறியையும் எடுத்துவிடலாம்.

9100 போர்ட் ஒரு நேரத்தில் ஒரு தொடர்பைத்தான் எடுக்கும். இரண்டு கவுன்டரிலிருந்து ஒன்றாக அனுப்பினால் இரண்டாவது காத்திருக்கும். ஒரு கணினி தொடர்பை மூடாமல் உறைந்து போனால் மற்ற எல்லாமே நிற்கும். இதோடு தொடர்புள்ள இன்னொன்று தாள் முடிவது. ஜெட்டைரக்டில் அசைவில்லாத தொடர்பை அறுக்கிற நேரம் 270 வினாடி, அதாவது நாலரை நிமிடம். தாள் தீர்ந்து, கடைப்பையன் ஸ்டோரிலிருந்து புதுத் தாள் பெட்டி தூக்கி வர அதற்கு மேல் எடுத்தால் தொடர்பு அறும், விண்டோஸ் அந்த வேலையை முதல் பக்கத்திலிருந்து திரும்ப அனுப்பும். ஒரே பில் இரண்டு தடவை வந்து கணக்கு குழம்புவது இதனால்தான். டெல்நெட்டில் இந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

தாள் நகர்ந்துகொண்டே போவது

முதல் பில் சரி, இரண்டாவது கொஞ்சம் கீழே, பத்தாவது பில்லில் தலைப்பு தாளின் நடுவைத் தாண்டிவிட்டது. இது இயந்திரப் பழுதல்ல, கணக்குப் பிழை. தொடர்தாளின் பக்க உயரம் 11 அங்குலம், டிரைவர் ஏ4 என்று நினைக்கிறது, அது 11.69. ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.69 அங்குலம் தள்ளிப்போகும்.

விண்டோஸில் பிரிண்ட் சேர்வர் பண்புகள் என்ற பக்கத்துக்குப் போய் (பெயர் ஒன்றானாலும் இது அந்தப் பெட்டியல்ல) புதிய படிவம் ஒன்றை உருவாக்குங்கள்: ஓரத் துளைப்பட்டியோடு அகலம் 9.5, உயரம் 11. அரைத்தாள் பில் என்றால் 5.5. அதை டிரைவரிலும், பில் மென்பொருளிலும், பிரிண்டரின் உள் அமைப்பிலும் ஒரேபோல் தெரிவுசெய்ய வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் நகரும். எழுத்தாக மட்டும் அனுப்புகிற பழைய மென்பொருளில் பக்க நீளத்தைக் கட்டளையாலேயே கொடுக்கலாம். அங்குலத்துக்கு 6 வரி வீதம் 5.5 அங்குலம் 33 வரி, ஆகவே 1பி 43 21. முழுத்தாளுக்கு 66 வரி, 1பி 43 42. அங்குலத்தில் கொடுக்கிற கட்டளை முழு எண்ணை மட்டும் எடுக்கும். அரைத்தாளுக்கு அது உதவாது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அங்குலம் வெறுமையாகப் போனால் பிரிண்டரில் துளைக்கோட்டைத் தாண்டு என்ற அமைப்பு ஓனில் இருக்கிறது. அணைத்துவிடுங்கள்.

அந்த உள் அமைப்பில் இருக்கும்போதே இன்னும் மூன்றைப் பாருங்கள். மென்பொருள் மொழி எப்சனின் ஈஎஸ்சி/பியா ஐபிஎம்மா என்பது டிரைவரோடு பொருந்த வேண்டும். பக்கெட் மோட் ஓஃப்பில் இருக்கட்டும், பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது. இடைமுகம் ஓட்டோவில் இருந்தால், பெட்டி பரலலில் கொழுவியிருப்பின் பரலல் என்றே நிலைப்படுத்துங்கள். எல்எக்ஸ்-310இல் பரலல், யுஎஸ்பி, சீரியல் மூன்றும் உண்டு. ஒரு கணினியை யுஎஸ்பியிலும் பெட்டியைப் பரலலிலும் கொழுவி ஓட்டோவில் விட்டால், ஒன்று முடிந்து 10 அல்லது 30 வினாடி காத்திருந்துதான் மற்றதற்கு மாறும். அவசர நேரத்தில் அது பழுது போலவே தெரியும்.

தமிழில் பில்

இந்தப் பிரிண்டர்களின் உள் எழுத்துகளில் தமிழ் இல்லை. தமிழ் படமாகத்தான் போக வேண்டும். ஆகவே எழுத்து மட்டும் அனுப்புகிற பொது டிரைவரில் யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக விழும். பாமினி எழுத்துருவில் தட்டியது ஆங்கில எழுத்துகளாக விழும், ஏனென்றால் பாமினி அடியில் ஆங்கில எழுத்துகளே. எப்சனின் சரியான கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். எல்எக்ஸ் 9 ஊசி, செங்குத்தாக அங்குலத்துக்கு 144 புள்ளி வரைதான். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டிவிடும். தமிழில் பில் போடுகிற கடைக்கு 24 ஊசி எல்கியூதான் என் தெரிவு. எல்எக்ஸில் வேண்டுமென்றால் எழுத்தளவை 12க்குக் கீழே இறக்காதீர்கள்.

படமாக அடித்தால் வேகம் நன்றாகக் குறையும், ஹெட் சூடேறும். நீண்ட அறிக்கையில் பிரிண்டர் இடையிடையே நின்று நின்று அடித்தால் அது ஹெட்டைத் தானே ஆற்றுகிறது. அணைத்து எழுப்பாமல் விட்டுவிடுங்கள். கடைப் பெயரை மட்டும் தாளில் முன்கூட்டியே அச்சடித்து வைத்து, எண்களையும் பெயர்களையும் பிரிண்டரின் சொந்த எழுத்தில் அடிப்பது நாளுக்கு நூற்றுக்கணக்கில் பில் போடுகிற இடத்துக்கு நல்ல ஏற்பாடு.

கரண்டும் இடியும்

பிரிண்டரும் பிரிண்ட் சேர்வரின் அடப்டரும் ஒரே யுபிஎஸ் அல்லது ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்க வேண்டும். எர்த் சரியில்லாத கட்டடத்தில் பிரிண்டர் ஒரு அறைக் கரண்டிலும் பெட்டி இன்னொரு அறைக் கரண்டிலும் இருந்தால், இரண்டின் நிலத்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வித்தியாசத்தால் வருகிற கரண்ட் பரலல் கேபிள் வழியாகத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் கடை பூட்டும்போது பிளக்கை மட்டுமல்ல, பெட்டியிலிருந்து நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். அதே மாதங்களில் திறந்து கிடக்கிற தொடர்தாள் ஈரம் இழுத்து ஊதும், பல்சக்கரத்தில் துளைகள் கிழியும். தாள் பெட்டியை மூடி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

அடப்டர் மாற்றும்போது பெட்டியில் எழுதியிருக்கிற வோல்ட்டும், நடு முனை கூட்டலா கழித்தலா என்பதும் சரியாக ஒத்திருக்க வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை. லைட் எரிகிறது, ஆனால் அச்சு தொடங்கியதும் பெட்டி திரும்ப எழும்புகிறது என்றால் அடப்டரின் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. வேறு அடப்டர் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் பெட்டியைக் கைவிடாதீர்கள்.

பெட்டி உண்மையாகவே செத்துவிட்டால் அதே மொடலைத் தேடி அலைய வேண்டாம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, அல்லது ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடுகிற, யுஎஸ்பி வாசலுள்ள ரவுட்டர் போதும். அதில் பி910என்டி என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் அது 9100 போர்ட்டில் காத்திருந்து, வருகிறதை அப்படியே பிரிண்டருக்குக் கொடுக்கும். பரலல் மட்டுமுள்ள பிரிண்டருக்கு யுஎஸ்பியிலிருந்து பரலலுக்கு மாற்றுகிற கேபிள் வேண்டும். லினக்ஸ் அதைச் சாதாரண யுஎஸ்பி பிரிண்டராகவே எடுக்கும். பழைய பெட்டியின் முகவரியையே இதற்குக் கொடுங்கள், கவுன்டர் கணினிகளில் ஒரு அமைப்பையும் தொட வேண்டியதில்லை. முகவரியையும் போர்ட் எண்ணையும் ஒரு துண்டில் எழுதிப் பிரிண்டரின் முதுகில் ஒட்டி, அதன் மேல் செலோடேப் போடுங்கள்.